நிறுவன நிகழ்ச்சியின் சுற்றுச்சூழல் கணக்கைப் போடுவது எப்படி? அரங்கம் பேசுவதில் தொடங்கி அறிக்கை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

இரண்டு நாள் விற்பனை மாநாடு ஒன்று முடிந்த மூன்றாம் நாள், குப்பைக் கணக்கு கேட்டு அரங்க மேற்பார்வையாளருக்குப் போன் செய்தேன். “அது அன்னைக்கு ராத்திரியே போயிடுச்சே சார்” என்றார். எங்கள் குப்பையும் பக்கத்துக் கூடத்தில் நடந்த வேறொரு நிகழ்ச்சியின் குப்பையும் ஒரே வண்டியில் ஏறியிருந்தன. எடைச் சீட்டு இருந்தது. ஆனால் அதில் எங்கள் பங்கு எவ்வளவு என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த வருட அறிக்கையில் கழிவு என்ற கட்டம் காலியாகவே போனது. முன்கூட்டியே கேட்டு வைக்காதது என் தவறுதான்.

மதிப்பீட்டை நிகழ்ச்சி முடிந்த பிறகு ஆரம்பித்தால் கையில் மிஞ்சுவது ஓர் அறிக்கை மட்டும்தான். அரங்கம் பேசி முடிக்கும் முன்பே ஆரம்பித்தால் சேதத்தையே குறைக்கலாம். கூட்டத்தை எங்கே வைப்பது, யாரை அழைப்பது, அவர்களில் எத்தனை பேர் விமானம் ஏறுவது என்று முடிவாகும்போதே பெரும்பகுதி சுமை ஏறிவிடுகிறது. காகிதக் கோப்பையா பீங்கான் கோப்பையா என்ற பேச்சு அதற்கு எத்தனையோ வாரம் கழித்துத்தான் வருகிறது. அதனால் இந்த வழிகாட்டியும் அந்த வரிசையிலேயே போகிறது. கனமானது முதலில், கண்ணில் படுவது அப்புறம்.

படி 1: எந்த முடிவுக்காக இந்தக் கணக்கு என்று எழுதுங்கள்

“இந்த எண்ணைப் பார்த்து யார், எதை மாற்றப்போகிறார்கள்?” இதற்கு ஒரே வரியில் பதில் எழுதுங்கள். அடுத்த ஆண்டுக் கூட்டத்தை ஒரே ஊரில் வைப்பதா, மூன்று ஊர்களில் பிரித்து வைத்து இணையத்தில் இணைப்பதா என்பது ஒரு நல்ல பதில். இரண்டு அரங்கங்களில் எதை எடுப்பது என்பதும் நல்ல பதில். “நிர்வாகம் கேட்டது” என்பது மட்டுமே பதிலாக இருந்தால், ஒரு எளிய கணக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். யாரும் பயன்படுத்தாத எண்ணுக்காக வென்டார்களை ஒரு மாதம் அலையவிட வேண்டாம்.

இந்தத் துறையில் அடிக்கடி காதில் விழும் பெயர் ஐஎஸ்ஓ 20121 என்ற சர்வதேசத் தரம். லண்டன் ஒலிம்பிக்ஸை ஒட்டி 2012-ல் வந்தது, 2024-ல் திருத்தப்பட்டது. ஒரு நிகழ்ச்சியைப் பொறுப்போடு நடத்த நிறுவனத்தில் என்ன ஏற்பாடு, யாருக்கு என்ன பொறுப்பு, எப்படிச் சரிபார்ப்பது என்று அது சொல்கிறது. இது மதிப்பெண் போடும் தரம் கிடையாது. அந்தச் சான்றிதழ் சுவரில் தொங்கினால், அங்கே ஒரு நிர்வாக முறை இருக்கிறது என்று அர்த்தம். உங்கள் குறிப்பிட்ட கூட்டத்தின் உமிழ்வு குறைவு என்று அர்த்தம் இல்லை. அரங்க விற்பனைப் பிரதிநிதிகள் இந்த இரண்டையும் கலந்து பேசும்போது நிறுத்திக் கேளுங்கள்.

கார்பன் கணக்குக்கு, பசுங்குடில் வாயுக்களைக் கணக்கிடும் பொது முறையான ஜிஎச்ஜி புரோட்டோகால் இருக்கிறது. 2001-ல் முதல் பதிப்பு வந்த இந்த முறையைத்தான் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்கெனவே தங்கள் ஆண்டுக் கணக்குக்குப் பயன்படுத்துகின்றன. நிகழ்ச்சிக் கணக்கும் அதே மொழியில் இருந்தால், நிதிப் பிரிவோடு வாதாட வேண்டிய வேலை பாதியாகக் குறையும்.

படி 2: எல்லைக்கோடு போடுங்கள்

ஜிஎச்ஜி முறையில் உமிழ்வு மூன்று வட்டங்களாக (ஸ்கோப்) பிரிகிறது. நீங்களே எரிப்பது முதல் வட்டம். உதாரணத்துக்கு உங்கள் சொந்த ஜெனரேட்டர், சொந்த வண்டி. வாங்கும் மின்சாரம் இரண்டாவது. மற்றவர்கள் உங்களுக்காக உமிழ்வது மூன்றாவது. விமானம், ஹோட்டல், கேட்டரிங், மேடை, குப்பை எல்லாம் அதில் அடங்கும். ஒரு நிறுவன நிகழ்ச்சியில் ஏறக்குறைய எல்லாமே மூன்றாவது வட்டத்தில்தான் விழும். “எங்கள் முதல், இரண்டாம் வட்ட உமிழ்வு மிகக் குறைவு” என்று ஒரு நிகழ்ச்சி அறிக்கை பெருமையாகச் சொன்னால், அது எதையும் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

எல்லை போடும்போது மூன்று இடங்களில் சண்டை வரும். முதலாவது, தங்கள் காசில் டிக்கெட் எடுத்து வரும் வாடிக்கையாளர்கள், டீலர்கள். “அவர்கள் பயணம் எங்கள் கணக்கா?” என்று கேட்பார்கள். நீங்கள் கூட்டம் போடாவிட்டால் அவர்கள் அந்த விமானத்தில் ஏறியிருக்க மாட்டார்கள். அதனால் எண்ணத்தான் வேண்டும். வேண்டுமானால் தனி வரியில் காட்டுங்கள், விட்டுவிடாதீர்கள். இரண்டாவது, நிகழ்ச்சிக்கு முன்னும் பின்னும் உள்ள நாட்கள். இடம் பார்க்கப் போன இரண்டு பயணங்கள், ஒத்திகை, மேடை கட்டிய நாள், பிரித்த இரவு எல்லாம் நிகழ்ச்சியின் பகுதிதான். மூன்றாவது, கூட்டம் முடிந்து விருந்தினர்கள் தாங்களாகவே சுற்றுலா போவது. இதை விட்டுவிடலாம், ஆனால் விட்டதை எழுதி வையுங்கள்.

அப்புறம் அலகு. மொத்த உமிழ்வு, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஆன உமிழ்வு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். உள்ளூர் ஆட்கள் நிறையச் சேர்ந்தால் தலைக்கு ஆகும் உமிழ்வு இறங்கும், மொத்தம் ஏறியிருக்கும். ஒரு எண்ணை மட்டும் காட்டுகிற அறிக்கை எந்த எண்ணைக் காட்டுகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் இறங்கியதைத்தான் காட்டும்.

படி 3: ஒப்பந்தத்திலேயே தரவைக் கேளுங்கள்

என் குப்பைக் கணக்கு காணாமல் போனதற்கு மருந்து இந்தப் படிதான். முன்பணம் கொடுக்கும் முன் யாரும் எதையும் தருவார்கள். கடைசித் தவணை போன பிறகு மின்னஞ்சலுக்குப் பதில்கூட வராது. அதனால் ஒவ்வொரு வென்டாரின் ஒப்பந்தத்திலும் ஒரு பத்தி சேருங்கள். இன்ன தரவு, இன்ன வடிவில், நிகழ்ச்சி முடிந்து பத்து வேலை நாட்களுக்குள் வர வேண்டும், வந்த பிறகுதான் கடைசித் தவணை.

அரங்கத்திடம், உள்ளே நுழைந்த நேரத்திலும் வெளியேறிய நேரத்திலும் மின்மீட்டர் எண், முடிந்தால் போட்டோவோடு. ஜெனரேட்டர் வாடகைக்காரரிடம், நிரப்பிய டீசல் லிட்டர், திரும்பிப் போன லிட்டர். ஹோட்டலிடம், உண்மையில் ஆள் தங்கிய அறை-இரவுகள். பதிவு செய்த எண்ணிக்கை வேண்டாம். கேட்டரிங்கிடம், வகை வாரியாகக் கொள்முதல் எடை. துப்புரவுக் குழுவிடம், வகை வாரியாகக் குப்பை எடையும் அது எங்கே போனது என்ற சீட்டும். மேடைக்காரரிடம், உள்ளே வந்த எடை, திரும்பிக் கிடங்குக்குப் போன எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் குப்பை.

பயணத் தரவுக்குச் சிறந்த இடம் பதிவுப் படிவம். எந்த ஊரிலிருந்து கிளம்புகிறீர்கள், எதில் வருகிறீர்கள், விமானமானால் எந்த வகுப்பு, இந்தப் பயணத்தில் வேறு வேலையும் உண்டா என்று நான்கே கேள்விகள் போதும். கட்டாயப் புலமாக வையுங்கள். நிகழ்ச்சிக்குப் பின் சர்வே அனுப்பினால், பக்கத்திலிருந்து வந்தவர்களும் ஆர்வம் உள்ளவர்களும் மட்டும் பதில் போடுவார்கள். கணக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும்.

படி 4: பயணம் — இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும்

அமெரிக்க புவி இயற்பியல் ஒன்றியம் 2019-ல் சான் பிரான்சிஸ்கோவில் நடத்திய மாநாட்டின் பயண உமிழ்வை ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். சுமார் 28,000 பேர் வந்த அந்தக் கூட்டத்துக்கு ஏறக்குறைய 80,000 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான உமிழ்வு, அதாவது ஆளுக்குச் சுமார் 3 டன். அது அறிவியல் மாநாடு என்றாலும், பல கண்டங்களிலிருந்து ஆட்களை ஓரிடத்துக்கு வரவழைக்கும் எந்த நிறுவனக் கூட்டத்துக்கும் கணக்கின் வடிவம் இதேதான்.

செய்முறை எளிது. ஒவ்வொருவரின் தூரம், வாகனம், வகுப்பு ஆகியவற்றை எடுத்து, ஒரு பயணி ஒரு கிலோமீட்டர் போக ஆகும் உமிழ்வுக் காரணியால் பெருக்க வேண்டும். இந்தக் காரணிகளைப் பிரிட்டன் அரசு ஆண்டுதோறும் வெளியிடுகிறது. உலகம் முழுவதும் பலர் அதைத்தான் எடுத்தாள்கிறார்கள். உங்கள் நாட்டுக்கென்று அரசு அட்டவணை இருந்தால் அதை எடுங்கள். எதை எடுத்தாலும் எந்த ஆண்டின் பதிப்பு என்று எழுதுங்கள். காரணிகள் வருடா வருடம் மாறும். போன வருடத்தைவிட உமிழ்வு குறைந்தது என்று நீங்கள் சந்தோஷப்படும்போது, குறைந்தது காரணி மட்டுமாக இருக்கலாம்.

வகுப்பை விட்டுவிட்டால் கணக்கே கெட்டுப்போகும். நீண்டதூர விமானத்தில் பிசினஸ் வகுப்பு இருக்கைக்குப் பிரிட்டன் அட்டவணை எகானமியைப் போல சுமார் 2.9 மடங்கும், முதல் வகுப்புக்கு 4 மடங்கும் வைக்கிறது. காரணம் நேரடியானது. ஒருவர் படுத்துக்கொண்டு வரும் இடத்தில் எகானமியில் பலர் உட்கார்ந்து வருவார்கள், விமானத்தின் தரைப்பரப்பை அந்த அளவுக்கு அவர் எடுத்துக்கொள்கிறார். இயக்குநர்கள் எந்த வகுப்பில் வந்தார்கள் என்று கேட்கச் சங்கடப்பட்டு எல்லோருக்கும் எகானமி போட்டுக் கணக்கை முடித்த அறிக்கைகளை நான் பார்த்திருக்கிறேன். பயணப் பிரிவிடம் டிக்கெட் பட்டியல் இருக்கும். பெயர்களை நீக்கி, வகுப்பு வாரியாக எண்ணிக்கை மட்டும் கேட்டால் யாருக்கும் சங்கடம் இல்லை.

இன்னொரு விஷயம். விமானம் பூமியை வெப்பமாக்குவது கார்பன் டை ஆக்சைடால் மட்டும் இல்லை. உயரத்தில் உருவாகும் மேகக் கோடுகளும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் சேர்ந்தால் மொத்த விளைவு நன்றாகவே கூடுகிறது. சில கால்குலேட்டர்கள் இதைச் சேர்க்கின்றன, சில சேர்ப்பதில்லை. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் கால்குலேட்டர் கார்பன் டை ஆக்சைடை மட்டுமே தருகிறது. நீங்கள் எதைப் பயன்படுத்தினீர்கள் என்று ஒரு வரி எழுதாவிட்டால், இரண்டு நிகழ்ச்சிகளை ஒப்பிடவே முடியாது. என் பழக்கம், சேர்த்து ஒரு எண், சேர்க்காமல் ஒரு எண், இரண்டையும் காட்டுவது.

அரங்கம் பேசும் முன் செய்ய வேண்டிய பயிற்சி ஒன்று இருக்கிறது. போன வருட வருகையாளர்களின் ஊர்ப் பட்டியலை எடுத்து, மூன்று நான்கு ஊர்களுக்கு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். எக்ஸெல்லில் அரை நாள் வேலை. ஒரு வருட மறுசுழற்சி முயற்சியைவிட இந்த அரை நாள் அதிகம் சாதிக்கும். 2021-ல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு, மாநாட்டை முழுக்க இணையத்துக்கு மாற்றினால் கார்பன் தடம் 94 சதவீதம் குறையும் என்று கணக்கிட்டது. கவனமாகத் தேர்ந்த பல மையங்களில் நடத்தி மற்றவர்களை இணையத்தில் இணைத்தால், பாதிக்கு மேற்பட்டவர்கள் நேரில் வந்தும் மூன்றில் இரண்டு பங்கைக் குறைக்கலாம் என்றும் சொன்னது. நேரில் சந்திப்பதன் அருமை தெரிந்தவன் நான். எல்லாவற்றையும் திரைக்கு மாற்றச் சொல்லவில்லை. கேள்வியைக் கேட்காமலேயே அரங்கத்துக்கு முன்பணம் கட்டுவதைத்தான் எதிர்க்கிறேன்.

படி 5: அரங்கமும் தங்குமிடமும்

மீட்டர் எண் கிடைத்துவிட்டால் மின்சாரம் சுலபம். யூனிட்டை அந்தப் பகுதி மின்கட்டமைப்பின் காரணியால் பெருக்குங்கள். அரங்கம் “நாங்கள் நூறு சதவீதம் புதுப்பிக்கத்தக்க மின்சாரம்” என்று சொன்னால், அதற்கான சான்று எந்த ஆண்டுக்கு, எந்த மூலத்துக்கு என்று கேளுங்கள். ஜிஎச்ஜி புரோட்டோகாலின் 2015 வழிகாட்டுதல் இரண்டு எண்களையும் காட்டச் சொல்கிறது. கம்பியில் உண்மையில் ஓடும் மின்சாரத்தின்படி ஒன்று, வாங்கிய சான்றின்படி இன்னொன்று. நிகழ்ச்சிக் கணக்கிலும் அப்படியே செய்யுங்கள்.

டீசலுக்கு லிட்டருக்குச் சுமார் 2.68 கிலோ கார்பன் டை ஆக்சைடு. தற்காலிக ஏசி வைத்தால் குளிர்பதன வாயுவையும் கேளுங்கள், பலர் இதை மறந்துவிடுகிறார்கள். ஆர்-410ஏ வாயு ஒரு கிலோ கசிந்தால் அது சுமார் 2 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். வாடகைக்காரர் நிகழ்ச்சிக்குப் பின் எவ்வளவு வாயு நிரப்பினார் என்ற சர்வீஸ் சீட்டு போதும்.

ஹோட்டல் அறைகளுக்கு ஹெச்சிஎம்ஐ என்ற பொதுக் கணக்கு முறை உண்டு. அதன்படி ஓர் அறை-இரவுக்கு எவ்வளவு என்று நல்ல ஹோட்டல்கள் சொல்லிவிடும். சொல்லாதவர்களுக்கு நாட்டுச் சராசரியைப் போட்டு, மதிப்பீடு என்று குறித்துவிடுங்கள்.

படி 6: உணவு — சமையலறைப் பின்கதவில் நில்லுங்கள்

ஐநா சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கைப்படி, 2022-ல் உலகில் 105 கோடி டன் உணவு வீணானது. நுகர்வோருக்குக் கிடைத்த உணவில் 19 சதவீதம் அது. அதில் 28 சதவீதம் உணவகம், கேட்டரிங் போன்ற உணவுச் சேவைகளிலிருந்து வந்தது. நமது கூட்டங்களும் அந்தக் கணக்குக்குள்தான் வருகின்றன.

உணவு வீணாவதை ஒரே எடையாக எடுத்தால் ஒன்றும் புரியாது. மூன்று வாளி வைக்கச் சொல்லுங்கள். நறுக்கும்போதும் சமைக்கும்போதும் போனது ஒன்றில், பரிமாறும் மேசையில் மிஞ்சியது இன்னொன்றில், தட்டில் மிஞ்சியது மூன்றாவதில். மூன்றுக்கும் மூன்று காரணம், மூன்று வேறு ஆட்கள் பொறுப்பு. முதல் வாளி கனத்தால் சமையல்காரரிடம் பேச வேண்டும். இரண்டாவது கனத்தால் எண்ணிக்கை சொன்ன உங்களிடம்தான் கோளாறு. மூன்றாவது கனத்தால் தட்டின் அளவையும் இடைவேளை நேரத்தையும் பாருங்கள்.

ஒரு பயிற்சி முகாமின் இரண்டாம் நாள் மதியம், பாத்திரம் கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் தராசோடு நின்றிருந்தேன். தட்டு வாளி பாதிகூட நிறையவில்லை. ஆனால் உள்ளேயிருந்து ஆவி அடங்காத பெரிய பாத்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, பலவற்றில் கரண்டி பட்ட அடையாளமே இல்லை. கழுவிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் தலை நிமிராமலே, “ரெண்டாம் நாள் எப்பவும் இப்படித்தான் தம்பி. பாதி பேர் பெட்டியை எடுத்துட்டுக் கிளம்பிடுவாங்க” என்றார். திரும்பும் விமானங்கள் மதியம் இருந்தன. டிக்கெட் பட்டியல் எங்கள் கையில் இருந்தும், சாப்பாட்டு எண்ணிக்கை மட்டும் முதல் நாளைப் போலவே போயிருந்தது. பயணப் பட்டியலையும் சாப்பாட்டுப் பட்டியலையும் ஒரே ஆளிடம் கொடுத்த பிறகு, அடுத்த முகாமில் அந்த வாளி வெகுவாக இளைத்தது. எந்த மென்பொருளும் இதைச் சொல்லியிருக்காது. அதனால்தான் மதிப்பீடு செய்பவர் ஒரு வேளையாவது பின்கதவில் நிற்க வேண்டும் என்கிறேன்.

உணவின் உமிழ்வுக்கு, கொள்முதல் பில்லில் உள்ள எடையை வகை வாரியாகப் பிரித்துக் காரணியால் பெருக்க வேண்டும். மாட்டிறைச்சியும் ஆட்டிறைச்சியும் பருப்பு வகைகளைப் போலப் பல மடங்கு உமிழ்வு கொண்டவை. கோழியும் முட்டையும் நடுவில் வரும். பதிவுப் படிவத்தில் தாவர உணவை இயல்புத் தெரிவாக வைத்து, இறைச்சி வேண்டியவர்கள் குறிக்கலாம் என்று மாற்றிப் பாருங்கள். யாரையும் தடுக்கவில்லை, ஆனால் எண்ணிக்கை மாறும். அந்த மாற்றத்தை இரண்டு நிகழ்ச்சிகளுக்கு இடையில் ஒப்பிடுவது சுலபமான, நம்பத்தகுந்த அளவுகோல்.

படி 7: பொருட்களும் குப்பையும்

எல்லோருக்கும் கண்ணில் படும் இடம் இது. அதனாலேயே அதிகம் ஏமாறும் இடமும் இதுதான்.

பருத்திப் பையை எடுத்துக்கொள்ளுங்கள். டென்மார்க் சுற்றுச்சூழல் முகமை 2018-ல் வெளியிட்ட ஆய்வின்படி, பருவநிலைத் தாக்கத்தில் மட்டும் பார்த்தாலே ஒரு சாதாரண பருத்திப் பையைச் சாதாரண பிளாஸ்டிக் பைக்கு ஈடாக்க 52 முறை பயன்படுத்த வேண்டும். மற்ற எல்லாத் தாக்கங்களையும் சேர்த்துப் பார்த்தால் 7,100 முறை. பிளாஸ்டிக் பை நல்லது என்று இதற்கு அர்த்தம் இல்லை. உங்கள் லோகோ போட்ட இருநூறாவது பையை ஒருவர் வீட்டில் எத்தனை முறை எடுப்பார் என்பதுதான் கேள்வி. பெரும்பாலான கூட்டங்களில் நல்ல பை, கொடுக்காத பைதான்.

“மக்கும்” தட்டு, கோப்பை விஷயத்திலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். எங்கே மக்கும்? ஐரோப்பியத் தரமான ஈஎன் 13432, தொழிற்சாலை அளவிலான உரமாக்கும் சூழலில் 6 மாதத்துக்குள் 90 சதவீதம் மக்க வேண்டும் என்கிறது. அந்த வெப்பமும் ஈரமும் சாதாரணக் குப்பை மேட்டில் கிடைக்காது. உங்கள் குப்பை வண்டி அப்படிப்பட்ட ஆலைக்குப் போகிறதா என்று தெரியாமல் அந்தத் தட்டுகளைச் “சூழலுக்கு உகந்தது” என்ற கட்டத்தில் எழுதாதீர்கள். கழுவிப் பயன்படுத்தும் தட்டு கிடைக்கும் இடத்தில் இந்தப் பேச்சே தேவையில்லை.

கண்காட்சி அரங்குகளில் எடையில் பெரியது மேடை, தடுப்பு, தரைவிரிப்பு. ஒரு நாள் விரித்துவிட்டுச் சுருட்டிக் குப்பையில் போடும் விரிப்பு பல இடங்களில் வழக்கம். தரையை அப்படியே விட முடியுமா என்று முதலில் கேளுங்கள். பேனரில் தேதி, ஆண்டு அச்சிடாவிட்டால் அடுத்த முறையும் அதே பேனரைக் கட்டலாம். பேட்ஜ் கயிறும் அப்படித்தான். வாசலில் ஒரு பெட்டி வைத்துத் திரும்ப வாங்கி, எத்தனை வந்தது என்று எண்ணுங்கள்.

மறுசுழற்சி சதவீதத்தை மட்டும் நம்பாதீர்கள். கனமான கண்ணாடி பாட்டில்கள் நிறைய வந்தால் அந்தச் சதவீதம் ஏறும், மொத்தக் குப்பையும் சேர்ந்து ஏறியிருக்கும். ஆளுக்கு எத்தனை கிலோ குப்பை என்பதுதான் முதல் எண், சதவீதம் அதற்குப் பின்னால். அந்தச் சதவீதமும் தொட்டியில் விழுந்ததைக் கணக்கிடுகிறதா, ஆலை ஏற்றுக்கொண்டதைக் கணக்கிடுகிறதா என்று பாருங்கள். பாதி நிறைந்த தண்ணீர் பாட்டிலும் குழம்பு படிந்த அட்டைப் பெட்டியும் பல நேரம் திருப்பி அனுப்பப்படும். தொட்டிகள் பக்கத்தில் ஒரு தன்னார்வலரை நிறுத்திய நிகழ்ச்சிகளில் இந்தக் கலப்படம் குறைவதை நேரில் பார்த்திருக்கிறேன்.

படி 8: வேலை செய்தவர்கள்

ஐஎஸ்ஓ 20121 சூழலோடு சேர்த்துச் சமூகத்தையும் பொருளாதாரத்தையும் பேசுகிறது. ஆனால் அறிக்கைகளில் இந்தப் பகுதி பெரும்பாலும் நன்றி அறிவிப்போடு முடிந்துவிடும். அளக்க முடியாதது என்று விடாதீர்கள். மேடை கட்டியவர்களின் வருகைப் பதிவேட்டில் உள்ளே வந்த நேரமும் போன நேரமும் இருக்கும். ஒருவர் தொடர்ச்சியாக வேலை செய்த மிக நீண்ட நேரம் எவ்வளவு? இரவு பிரித்தவரே காலையில் வண்டி ஓட்டினாரா? சாப்பாடும் குடிநீரும் உட்கார இடமும் அவர்களுக்கு இருந்ததா? காயப் பதிவு இருக்கிறதா? அரங்கத்தை நள்ளிரவுக்குள் காலி செய்ய வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டது நாம்தான். அந்த வரியின் விலையை யார் உடம்பு கொடுக்கிறது என்பதும் மதிப்பீட்டில் வர வேண்டும்.

சக்கர நாற்காலியில் வருபவர் மேடைக்கு ஏற முடிந்ததா, காது கேளாதவருக்கு வசனவரி ஓடியதா என்பதையும் இங்கேயே சேர்த்துவிடுங்கள். ஆம், இல்லை என்று பதில் போதும்.

படி 9: கூட்டிப் பாருங்கள்

ஒவ்வொரு எண்ணின் பக்கத்திலும் ஒரு எழுத்து போடுங்கள். நேரில் அளந்தது அ, பில்லிலிருந்து எடுத்தது ஆ, ஊகம் இ. பெரிய எண்கள் எல்லாம் இ என்று இருந்தால், அறிக்கை எழுதுவதை நிறுத்திவிட்டு அந்தத் தரவைத் தேடுங்கள். சின்ன எண்கள் இ என்றால் அப்படியே விடலாம்.

ஒரு கற்பனைக் கூட்டத்தை எடுத்துக்கொள்வோம். 300 பேர், இரண்டு நாள். காரணிகள் எல்லாம் உதாரணத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. 40 பேர் ஆளுக்கு 14,000 கிலோமீட்டர் போய்வரும் நீண்டதூர விமானத்தில், கிலோமீட்டருக்கு 0.15 கிலோ வீதம், ஆளுக்கு 2.1 டன், மொத்தம் 84 டன். 60 பேர் 2,000 கிலோமீட்டர் குறுந்தூர விமானத்தில் 0.18 கிலோ வீதம் 21.6 டன். 200 பேர் 300 கிலோமீட்டர் ரயிலில் 0.04 கிலோ வீதம் 2.4 டன். பயணம் மட்டும் 108 டன். 300 அறை-இரவுகளுக்கு 25 கிலோ வீதம் 7.5 டன். உணவு ஆளுக்கு நாளைக்கு 5 கிலோ வீதம் 3 டன். 4,000 யூனிட் மின்சாரம் 2 டன். 400 லிட்டர் டீசல் 1.1 டன். மொத்தம் 121.6 டன், ஆளுக்கு நாளைக்குச் சுமார் 203 கிலோ.

இப்போது எண்களைப் பேசவிடுங்கள். பயணம் 89 சதவீதம். 300 பேரில் அந்த 40 பேர் மட்டும் மொத்தத்தில் 69 சதவீதம். அவர்களில் பத்துப் பேர் பிசினஸ் வகுப்பில் வந்திருந்தால் இன்னும் 39.9 டன் கூடும். ஹோட்டல், உணவு, மின்சாரம், டீசல் நான்கையும் சேர்த்ததைப் போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு அது. உணவு உமிழ்வைப் பாதியாகக் குறைத்தால் 1.5 டன் மிச்சம். அந்த 40 பேரில் 20 பேர் தங்கள் ஊரிலேயே ஒரு மையத்தில் கூடி இணைந்தால் 42 டன் மிச்சம்.

இதைப் பார்த்துவிட்டு உணவை விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சாப்பாட்டை வீணாக்குவது கார்பன் கணக்கால் மட்டும் தப்பு ஆகவில்லை. ஆனால் கூட்டத்தில் பேசக் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் நாற்பது நிமிடம் எதற்குப் போக வேண்டும் என்பது இந்த எண்களில் இருக்கிறது.

படி 10: வெளியே சொல்லும்போது

கார்பன் ஈடு வாங்கினால், அதாவது உங்கள் உமிழ்வுக்குப் பதிலாக வேறோர் இடத்தில் உமிழ்வைக் குறைக்கும் திட்டத்துக்குப் பணம் கொடுத்தால், அதைத் தனி வரியில் போடுங்கள், உமிழ்விலிருந்து கழிக்காதீர்கள். 121.6 டன் உமிழ்ந்து அவ்வளவுக்கும் ஈடு வாங்கிய கூட்டம், 121.6 டன் உமிழ்ந்த கூட்டம்தான். “கார்பன் நியூட்ரல் நிகழ்ச்சி” என்று பேனர் வைக்கும் ஆசை வரும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 ஆணை, ஈடு வாங்கியதை அடிப்படையாக வைத்து ஒரு பொருளையோ சேவையையோ நுகர்வோரிடம் அப்படி விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. அதன் விதிகள் 2026 செப்டம்பர் 27 முதல் பொருந்தும். நிறுவனங்களுக்குள் நடக்கும் கூட்டத்துக்கு இது நேரடியாகப் பொருந்தாத இடங்களிலும், அந்தச் சொல்லைத் தவிர்ப்பதுதான் நேர்மை.

அறிக்கை ஒரு பக்கம் போதும். மொத்தம், ஆள்-நாள் எண், பெரிய மூன்று சுமைகள், விட்டுவிட்டவை, தரவின் தரம், போன முறையோடு ஒப்பீடு. எங்கே மோசமானது என்பதையும் எழுதுங்கள். நல்லது மட்டும் இருக்கும் பக்கத்தை நிர்வாகமே நம்பாது.

அந்த ஒரு பக்கத்தை மூன்று வாரத்துக்குள், அடுத்த ஆண்டுக்கான ஊரும் தேதியும் முடிவாகும் முன், முடிவெடுப்பவர்களின் மேசையில் வையுங்கள். கூடவே, புதிய அரங்கத்துக்கு அனுப்பும் முதல் மின்னஞ்சலின் வரைவையும் வையுங்கள். வாடகை எவ்வளவு என்று கேட்கும் அதே மின்னஞ்சலில் ஐந்து வரி இருக்கட்டும். எங்கள் கூடத்துக்குத் தனி மின்மீட்டர் உண்டா? ஜெனரேட்டர் டீசலுக்குத் தனிக் கணக்கு தருவீர்களா? கழுவிப் பயன்படுத்தும் பாத்திரம் எத்தனை பேருக்கு இருக்கிறது? பிரிக்கும் வேலைக்கு மறுநாள் காலை வரை அவகாசம் உண்டா? எங்கள் குப்பையைத் தனியாக எடை போட்டு, வண்டி கிளம்பும் முன் சீட்டைக் கையில் தருவீர்களா?